குற்றாலத்துப் பாசியும் ஆறு அக்காமாரும்

டைப் அடிக்குத தொழில்ல, அழுவுதது அடுத்தவன், வலிக்குதது நம்ம விரலு. பி.ஏ.யைப் பாதியில போட்டுட்டு ஓடியாந்து, தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சண்முகம் அண்ணாச்சியோட மனு அடிக்குத கடையில ஸ்டூல் போட்டு உக்காந்தவன் நான். படிப்பை விட்டுட்டு, வீட்டுல மூஞ்சி காட்ட முடியாம இப்படி ஏதாவது ஒரு ஸ்டூல்ல நீங்களும் உக்காந்திருப்பீங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

வழுக்குத பாறை

ஒருநாள் சையது வந்தான். பள்ளிக்கூடத்துல என் பக்கத்து பெஞ்சு. தறி நெய்யுத பீர் மைதீன் மாமாவோட மவன். நான் காலேஜை விட்டேன், அவன் விடல. பாளையங்கோட்டையில பி.எஸ்சி. தாவரவியல். கையில ஒரு விண்ணப்ப பாரம் வச்சிருந்தான். சீமையில ஒரு காலேஜ்ல, இன்னும் பட்டம் வாங்காத பிள்ளைகளைக்கூட லீவுக்கு மூணு மாசம் கூப்பிட்டு ஆராய்ச்சி பண்ண விடுதாங்களாம். போக, வர, தங்க, திங்க எல்லாம் அவங்க செலவு. இது கிடைச்சா மேல படிக்கலாம், இல்லேன்னா பட்டத்தோட தறிக்குழில இறங்குன்னு வாப்பா கறாரா சொல்லிட்டாரு.

என்னலே ஆராய்ச்சின்னு கேட்டேன். குற்றாலத்துல அருவிப் பாறைமேல இருக்க பாசியாம். கோடையில காஞ்சு அப்பளமா நொறுங்குது, செத்துட்டுன்னு நினைக்கோம். முதல் சாரல் விழுந்த கொஞ்ச நேரத்துல பச்சைப் பசேல்னு எந்திரிச்சு நிக்கு. தண்ணி இல்லாத அத்தனை மாசமும் உசிரை எங்கன ஒளிச்சு வைக்குன்னு பாக்கணும். அதைப் பாக்குத கருவி சீமையிலதான் இருக்காம். அதே பாசியில வழுக்கித்தான் என் முன்பல்லு பாதி போச்சு. நான் பல்லைத் தடவுததைப் பாத்துட்டு அண்ணாச்சி சொன்னாரு: “பாத்தியாலே, அதே பாசிதான். நீ ஆஸ்பத்திரிக்குப் போனே, அவன் சீமைக்குப் போறான்!”

ரெண்டாவது சிபாரிசு

ஆராய்ச்சியைப் பத்தித் தெரிஞ்ச ரெண்டு பேரு கடுதாசி குடுக்கணும். ஒண்ணு வாத்தியாரு குடுத்துட்டாரு. ரெண்டாவது யாருன்னு முழிச்சான். “நீ பாறையில ஏறுததை யாருலே தினம் பாத்தது?”ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சு, “அருவிக்கரை ஏட்டையா”ன்னான். வேலையத்த நேரத்துல இவனைப் பாறையில இருந்து விரட்டுததுதான் அவருக்கு வேலையே.

ரெண்டு பேரும் போயி ஏட்டையா முன்னால நின்னோம். லத்தியைக் கக்கத்துல இடுக்கிட்டு அவரு சொல்லச் சொல்ல, நான் இங்கிலீசுல எழுதிக்கிட்டேன். எந்த மாசம் பாறை காயும், எந்தப் பொந்துல பாசி முதல்ல பச்சை பிடிக்கும், இவன் சோப்பு டப்பாவுல அதை எப்படிப் பத்திரமா எடுத்துட்டுப் போவான், எல்லாம் மனுசனுக்கு அத்துப்படி. கடைசியில கையெழுத்துப் போட்டுட்டுச் சொன்னாரு: “எட்டுத் தடவை பிடிச்சேன், எட்டு மட்டமும் கையில பாசியைத் தவிர ஒண்ணும் கிடையாது. அதையும் மறக்காம எழுது, அது சத்தியம்.”

ரெண்டாவது பாரா

பரீச்சைக்கு பஸ்சைப் பிடிக்க ஓடுன சையது, பாசியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி என் கையில குடுத்து, வெறும் பாரத்துல கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டான். எங்க கடையில ஒரு சட்டம் உண்டு: தாலுகா ஆபீசுக்கோ, கலெக்டருக்கோ, எந்த மனுவா இருந்தாலும் ரெண்டாவது பாரா அழணும். பீர் மைதீன் மாமாவும் வந்து, “வீட்டு நிலைமையையும் ரெண்டு வரி சேத்துக்கய்யா”ன்னாரு. எனக்குக் கேக்கணுமா? சையதுக்கு இருக்குதது ஒரே ஒரு அக்கா. நான் ஆறாக்குனேன், ஆறும் கல்யாணம் ஆவாம. தறி மேல கூரையை விழ வச்சேன். வாப்பாவுக்கு இருமலைக் குடுத்தேன். எடம் பத்தலேன்னு பாசியை ரெண்டே வரியில முடிச்சேன்.

தபால்ல போடுததுக்கு முன்னால மாமாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுனேன். நாலாவது அக்கா வரும்போதே மனுசன் துண்டை எடுத்துட்டாரு. முடிச்சதும் மூக்கைச் சிந்திட்டுக் கேட்டாரு: “இம்புட்டுக் கஷ்டமா! யாருலே அந்தப் பாவப்பட்ட தகப்பன்?”

சீமைக் கடுதாசி

பதிலு வந்துச்சு. சையது அதை என் மிஷின்மேல விரிச்சு வச்சான். ‘உம்முடைய ஆறு சகோதரிகளை நினைத்து வருந்துகிறோம். திருமணங்களுக்கு எங்களிடம் நிதி இல்லை. பாசியைப் பற்றி நீர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? போலீஸ்காரர் கடிதத்தில்தான் விவரம் இருந்தது. ஒரு மாதத்துக்குள் எழுதவும்.’

சையது அடிக்கல, அடிச்சிருந்தா தேவலை. “நான் எழுதுன ரெண்டு பக்கம் எங்கலே?”ன்னு மட்டும் கேட்டான். அவன் எழுதுன ரெண்டு பக்கத்தையும் தேடி எடுத்தேன். வடைக்குச் சுத்தாம தப்பிச்சிருந்துச்சு. ஒரு கமாகூட மாத்தாம அடிச்சேன். “ஒரு சொட்டாவது அழுவே”ன்னு அண்ணாச்சி பின்னால நின்னு கெஞ்சுதாரு, நான் திரும்பல. அடியில, சகோதரி ஒருத்திதான், மிச்சம் டைப்பிஸ்ட் கைவரிசைன்னும் அடிக்கச் சொல்லி, என்னைக் கையெழுத்துப் போட வச்சான். நான் கொஞ்சம் முனங்குனேன். சையது சொன்னான்: “அஞ்சு அக்காமாரைப் பெத்தவன் நீ. நீயே கூட்டிட்டுப் போ.”

இன்னும் பாறையில

கிடைச்சுட்டு! சோப்பு டப்பாவுல காஞ்ச பாசியோட சையது கப்பல் ஏறுனான். மாமா தறியில அவனுக்குன்னு வச்சிருந்த எடத்துல நூலுக்கட்டை அடுக்கிட்டாரு. அதுல இருந்து சுரண்டைப் பையன், மேலகரத்துப் பையன்னு ஆளாளுக்கு சோப்பு டப்பாவோட அருவிப் பாறையில ஏறுதாங்க. ஏட்டையாவுக்கு மூச்சு விட நேரமில்ல. இப்பல்லாம் கீழ நின்னு விசில் ஊதிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேக்காரு: “ஏலே, சீமைக்கா, ஸ்டேசனுக்கா?”

அந்தக் கடையில நான் அடிச்ச அத்தனை மனுவுலயும் ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணுதான், அதுல என் சொந்தச் சரக்கு என் கையெழுத்து மட்டுந்தான்.