இசக்கித்துரையின் உதை பட்டன்

"கணினி மற்றும் மின்னணுச் சாதனங்களைப் பழுதுநீக்குதல், பராமரித்தல். பணியாளர்கள்: மூவர்." இசக்கித்துரையைப் பற்றிக் குறுந்தொழில் பதிவுச் சான்றிதழ் சொல்வது இவ்வளவுதான். கழுகுமலை சாலையில் அவருடைய கடையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தனப் பொட்டுடன் அது அவர் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. மூவரில் ஒருவர் இசக்கித்துரை. இன்னொருவர் அவர் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்றாமவர் மாமியார். மாமியாருக்கு மிக்ஸி சுவிட்சைத் தொடவே பயம்.

பழுதுநீக்குதல் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் கடைக்குள் போன சாதனங்கள் பெரும்பாலும் போன பழுதோடே திரும்பின. சில, வட்டியும் சேர்த்துக்கொண்டு. கடையின் சொந்தக் கம்ப்யூட்டரே எட்டு மாதமாக வயிறு பிளந்து கிடந்தது. கேட்டால் "ஸ்பேர் வரணும்" என்பார். எங்கிருந்து என்று கேட்டால் "மதுரையில சொல்லியிருக்கேன்" என்பார். மதுரையில் யாரிடம் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அது கேட்டவர்களின் நாகரிகம்.

ஆனாலும் அவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதைச் சம்பாதித்தது 1999-இல். வளைகுடாவிலிருந்து திரும்பிய ரிஸ்வான் அகமது பாய், ஒரு டிவி, ஒரு கன்சோல், இரும்புத் தகடு போட்ட கனமான இரண்டு ஜாய்ஸ்டிக் ஆகியவற்றோடு ஒரு வீடியோ கேம் கடை திறந்தார். ஆட்டம், இருவர் மோதும் சண்டை ஆட்டம். தோற்றவன் எழுந்துவிட வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம் என்பது கடைச் சட்டம். பதினாறு வயது இசக்கித்துரை இடது பக்க ஸ்டிக்கைப் பிடித்து உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை எழுந்ததில்லை. திரையின் மூலையில் தன் ஆளை நிறுத்திக்கொண்டு எதிராளியின் காலிலேயே உதைத்துக்கொண்டிருப்பார். அவருடைய கலை அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

"என்னைய ஒருத்தனும் ஜெயிச்சதில்ல." இதை இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவருகிறார். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னார் என்று கேள்வி. இன்றைய கேம்பேடைக் கையில் கொடுத்து ஆடச் சொன்னால் தோற்பார். தோற்றதும் அதை இரண்டு விரலால் ஓரம் தள்ளிவிட்டு, "இது பொம்மவே. அந்த ஸ்டிக்கக் கொண்டாரும், பொறவு பேசுவோம்" என்பார். ஸ்டிக் எங்கே என்று யாருக்கும் தெரியாதவரையில் அந்த வாதத்தை அசைக்க வழியில்லை.

போன வருடம் ரிஸ்வான் பாய் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து இரண்டு ஸ்டிக்கும் இறங்கின. இப்போது துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் பாய், அவற்றைத் தாமே சுமந்துகொண்டு வந்தார்.

"ஏலே தொரை, உன் பொண்டாட்டியக் கூட இப்பிடித் தேடியிருக்க மாட்ட. இந்தா, ரெண்டும் இருக்கு."

"எடது பக்கத்து ஸ்டிக்கு மட்டும் போதும் பாய்."

"ரெண்டையும் வச்சுக்கிடு. ஓசிதாம்லே."

"மத்தது வேண்டாம் பாய்."

பாய் மற்ற ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். "வலது பக்கத்து ஸ்டிக்கு கீழ போவ மாட்டேங்குன்னு அப்பமே பயக சொன்னானுவ. தோத்த கடுப்புல சொல்லுதானுவன்னு விட்டுட்டேன்."

ஸ்டிக் கீழே போனால்தான் திரையில் ஆள் குனிவான். குனிந்தால்தான் காலுக்கு வரும் உதையைத் தடுக்கலாம். இசக்கித்துரை ஸ்டிக்கின் பிளக்கில் எத்தனை ஊசி என்று மிகுந்த கவனத்துடன் எண்ணிக்கொண்டிருந்தார். பதினைந்து.

அந்தப் பதினைந்து ஊசிப் பிளக்கை இன்றைய கம்ப்யூட்டரில் சொருக இடம் கிடையாது. ஸ்டிக்கைத் திறக்காமல், வெளியே பிளக்கில் ஊசிக்கு ஊசி மீட்டர் வைத்து, எது எந்தப் பட்டன் என்று கண்டுபிடித்து, பெருவிரல் அகலச் சர்க்யூட் பலகையில் கம்பி கம்பியாக ஈயம் உருக்கிச் சூடு வைத்து, மறுமுனையில் யுஎஸ்பி வரவழைக்க வேண்டும். மூன்று வாரம் எடுத்துக்கொண்டு இசக்கித்துரை அதைச் செய்தார். செய்தார் என்பது மட்டுமில்லை, சுத்தமாகச் செய்தார். இருபது வருடத் தொழிலில் அவர் முழுசாக முடித்த முதல் வேலை அதுதான். அதைச் செய்யச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் கேட்டிருக்கவில்லை என்பதும் அதற்கு உதவியிருக்கலாம்.

சொருகிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே? கடையில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று: தேன்மொழியின் லேப்டாப்.

தேன்மொழி கரிவலம்வந்தநல்லூர்க்காரி. சங்கரன்கோவிலில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் செய்யும் வேலை. கீபோர்டில் கீழ் அம்புக்குறி வேலை செய்யவில்லை என்று லேப்டாப்பைக் கொடுத்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பத்தாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் இறங்கி வந்தவள், தன் லேப்டாப் திரையில் இருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்தாள். பாயும், பக்கத்து பேட்டரி கடை பேச்சிராஜாவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, ரிப்பேருக்குக் குடுத்தா சண்ட போட்டுக்கிட்டு இருக்கிய?"

"டெஸ்டிங்மா. லேப்டாப்பு லோடு தாங்குதான்னு பாக்குதேன்."

"கீழ் அம்பு?"

"ஸ்பேர் வரணும்."

"தங்கச்சி, ஒனக்குத் தெரியாது" என்றார் பேச்சிராஜா. "இவன ஜெயிச்ச ஆளு இந்த ஊருலயே கெடையாது."

"இப்பம் யாருகூட ஆடுதாரு?"

"தனியாத்தான்."

"அப்பம் சரிதான்." பையை மேசைமேல் வைத்தாள். "நான் ஆடுதேன். ஜெயிச்சா லேப்டாப்ப இருக்கபடிக்கே தூக்கிட்டுப் போயிருவேன். தோத்தா இன்னும் ஒம்பது வாரம் வச்சுக்கிடுங்க."

இசக்கித்துரை பெருந்தன்மையோடு சம்மதித்தார். ஆடுவதற்கு முன் திரையில் ஒரு சோதனைக் கட்டத்தைத் திறந்து, ஸ்டிக்கை நான்கு பக்கமும் சாய்த்து, பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை வட்டம் எரிந்தது. "நல்லாப் பாத்துக்கிடுங்க. எல்லாம் பச்ச. பொறவு எவனும் ஸ்டிக்குல கோளாறுன்னு சொல்லக் கூடாது."

முதல் ஆட்டத்தின் முதல் சுற்றில் அவர் மூலைக்குப் போய்க் காலில் உதைத்தார். தேன்மொழி குனிவதற்காகக் கீபோர்டில் கீழ் அம்பை அழுத்தினாள். அது ஒன்பது வாரத்துக்கு முன்பே செத்துப்போனது. அடிபட்டு விழுந்தாள். பாய் கீபோர்டைப் பார்த்தார், பிறகு இசக்கித்துரையைப் பார்த்தார்.

இரண்டாவது சுற்றில் அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்டிக்கைப் பிடித்திருந்த அவர் இடது கையைப் பார்த்தாள். காலில் உதைக்க அந்தக் கை கீழே போகும்போதெல்லாம் மேல் அம்பைத் தட்டினாள். திரையில் அவள் ஆள் உதைக்கு மேலே எகிறி, அவர் ஆளின் தலையில் இறங்கினான். மீண்டும் எகிறினான். மீண்டும் இறங்கினான். அந்தக் காலத்துப் பயல்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். அவர்கள் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அவசரத்தில் இருந்தவர்கள். தேன்மொழிக்குக் காத்திருந்து பழக்கம் இருந்தது.

மூன்று ஆட்டம் ஆடினார்கள். அந்த முதல் சுற்றை ஜெயித்தும், மூன்று ஆட்டத்திலும் இசக்கித்துரை தோற்றார். கடைசி ஆட்டத்தில் அவர் உதை ஒன்றுகூட அவள்மேல் படவில்லை.

"டிலே இருக்கு, அமுக்குனா லேட்டாப் போவுது" என்றார் இசக்கித்துரை.

"பச்ச எரிஞ்சுதுல்லா மக்கா?" என்றார் பேச்சிராஜா.

"பச்ச வேற, டிலே வேறலே. எல்லாரும் சாப்புட்டுட்டு நாலு மணிக்கு வாங்க. பாத்துச் சொல்லுதேன். லேப்டாப்பையும் அப்பம் தாரேன்மா, கேம அழிச்சுக் குடுக்கணும்லா."

நாலு மணிக்கு வந்தவர்களுக்கு அவர் மறுபடி அதே சோதனைக் கட்டத்தைக் காட்டினார். எல்லாப் பட்டனுக்கும் பச்சை எரிந்தது, உதைக்கும் பட்டனைத் தவிர. சான்றிதழ் பெற்ற நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தொழில் திருப்தியை யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியளா? உதை பட்டனே போயிருக்கு. நான் உதைக்குதேன், அது வாங்கல."

"காலையில எரிஞ்சுதே அண்ணாச்சி?"

"லூஸ் கனெக்சன்மா. வரும், போவும்."

"அப்பம் ஒரு சூடு வைங்க. அஞ்சு நிமிசம். இன்னொரு ஆட்டம் ஆடுவோம்."

"ஒயர் வரணும்."

"எங்கருந்து?"

இசக்கித்துரை வாயைத் திறப்பதற்குள் பேச்சிராஜா சொல்லிவிட்டார்: "மதுரையில சொல்லியிருக்கான் தங்கச்சி."

பாய் சிரிக்கவில்லை. ஸ்டிக்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பரணில் கிடந்து துருப்பிடித்திருந்த நான்கு திருகாணிகளின் தலையிலும் புதுக் கீறல் பளபளத்தது. ஸ்டிக்கை முன்பிருந்தபடியே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தேன்மொழி லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

இசக்கித்துரை இன்றுவரை தோற்கவில்லை. இப்போது கதை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது: "உதை பட்டனே இல்லாமலே ஒரு ரவுண்டு ஜெயிச்சேன்வே" என்கிறார். முதல் முறை கேட்பவர்கள் வியக்கிறார்கள். ஸ்டிக், சான்றிதழுக்குக் கீழே அலமாரியில், துணி போர்த்தி இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு இசக்கித்துரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தான் மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்த ஸ்டிக்கின் திருகாணிகளைக் கழற்றி, உதை பட்டனின் கம்பியைக் கட்டரால் வெட்டினார்.