கட்டம் போட்ட யானை

எண்பதுகளின் கடைசியில் திருத்தணியில் நாங்கள் ஒரு பழைய சரக்கு வேன் வாங்கினோம். நீல நிறம், இரண்டு பக்கமும் தட்டையான தகரம். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறெல்லாம் அதை முன்பு வைத்திருந்த ஆளிடம்தான். பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திருத்தணி ஸ்டேஷனுக்கு எப்போது வந்து சேருவான் என்று அவனுக்கே தெரியாது. ரயில் போன பிறகு வருவான். மழை பெய்தால் தார்ப்பாய் போட மாட்டான். வண்டியின் இரண்டு பக்கமும் சிறகு விரித்த பருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அந்தப் பருந்தைத் தூரத்தில் பார்த்தாலே நெசவு வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

இது எங்களுக்கு வண்டி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் முதல் நாள் பொதட்டூர்பேட்டைக்குப் போய்த் தொங்கிய முகத்தோடு திரும்பினார். அவர் பார்க்கப் போனது அந்த ஊரிலேயே பெரிய லுங்கி வியாபாரியை. கல்யாணத்துக்கு முன்னால் நான் எங்கள் அம்மா வீட்டில் இருந்தபோது அவருக்குத்தான் தறி நெய்தேன்.

"பருந்தைப் பார்த்ததும் மூஞ்சைத் திருப்பிகினாரு. இந்த வண்டி என் வாசல்ல நிக்கவே கூடாதுன்னுட்டாரு."

"வண்டி கை மாறிடுச்சுன்னு சொன்னீங்களா, பாவா?"

"ஆங், சொன்னேன். அவரு காதுலயே வாங்கல."

அவர் சரக்குக் கொடுத்தால் ஊரே கொடுக்கும், அவர் மறுத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். அப்புறம் வேனை விற்றுத் தள்ளிவிட்டு இவர் பழையபடி லாரி ஓட்டப் போய்விடுவார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருகிற மனுஷனோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தி எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. என் கோபமெல்லாம் அந்தப் பருந்தின் மேல் திரும்பியது. வெள்ளிக்கிழமை வியாபாரியின் அடுத்த சரக்கு கிளம்பும். அதற்குள் வண்டி வேறு முகத்தோடு அவர் வாசலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டிக்கர்க் கடைக்காரன் ஆடிக் கிருத்திகை வேலை குவிந்து கிடக்கிறது, பத்து நாள் ஆகும் என்று கையை விரித்தான். "நானே ஒட்டறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மறுநாள் மெட்ராஸுக்கு ரயில் ஏறி, மஞ்சளில் நீளமான ஸ்டிக்கர் ஷீட் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் வாங்கி வந்தார்.

எதை ஒட்டுவது என்று திருத்தணிக்காரிக்கு யோசனையே தேவையில்லை. மற்ற ஊர்களில் முருகன் சந்நிதிக்கு எதிரே மயில் நிற்கும். எங்கள் மலையில் யானை நிற்கும், அதுவும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. யானை என்றால் பருந்தை மூடுகிற அளவுக்குப் பெரிதாகவும் போடலாம்.

புதன்கிழமை காலையில் பருந்துகளை உரித்தோம். மண்ணெண்ணெய் தடவி வெயிலில் ஊறவிட்டுக் கொட்டாங்குச்சியால் சுரண்டினேன். பசை போய்விட்டது, பருந்து போகவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்ட் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக, சிறகும் அலகுமாக அப்படியே நின்றது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

பழைய காலண்டர் தாள்களைச் சேர்த்து ஒட்டி, தும்பிக்கையைத் தூக்கி நடக்கிற யானையை வரைந்து வெட்டினேன். அதை மஞ்சள் ஷீட்டின் மேல் வைத்து இரண்டு யானைகள் வெட்டினேன். முதல் யானை இடது பக்கத்துக்கு. தகரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து, பின் காகிதத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ஒட்டினேன். தறியில் ஊடை நூல் ஓட்டுகிற பழைய நாடாக்கட்டை ஒன்றில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இழுத்தேன். தறியில் கை ஊறியவளுக்குச் சுருக்கம் விழாமல் இழுக்கச் சொல்லித் தர வேண்டுமா? ஒரு குமிழி இல்லை. சிவப்பில் முதுகுத் துணி வெட்டி மேலே போட்டதும் யானை எஞ்சினைப் பார்த்து ஜம்மென்று நடந்தது.

இரண்டாவது யானையை வலது பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். பக்கத்துப் போர்ஷனில் இருந்த என் ஓரகத்தி துணி காயப்போட வந்தவள், அப்படியே நின்றாள்.

"இன்னாமே இது, அந்தப் பக்கம் யானை முன்னால போவுது, இந்தப் பக்கம் ரிவர்ஸ்ல போவுது?"

வால்தான் எஞ்சின் பக்கம் இருந்தது. அதற்கென்ன, திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று திருப்பினேன். வெள்ளைக் காகிதம் என்னைப் பார்த்து இளித்தது. பசை ஒரு பக்கம்தானே? எத்தனையோ வருஷம் லுங்கி நெய்தவள் நான். லுங்கிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, எப்படித் திருப்பிக் கட்டினாலும் அதே கட்டம்தான். அந்தப் பழக்கத்தில் இரண்டு யானைகளையும் ஒரே பக்கம் பார்க்க வெட்டிவிட்டேன். லுங்கிக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு மடத்தனம் செய்திருக்க மாட்டார்கள். மஞ்சள் ஷீட்டில் மிச்சமும் இல்லை. ஓரகத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "அப்படியே ஒட்டிடு. நம்ம மலை யானையும் திரும்பிகினுதான நிக்குது?"

"அது சாமி யானை, எப்படி வேணா நிக்கும். நம்ம வண்டி ஏற்கெனவே பேரு கெட்ட வண்டி. அது பின்னால போவக் கூடாது, பாவா."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தியானம் கையில் யானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுசாகப் பார்த்தால்தான் அது திரும்பி நிற்கிற யானை, பட்டை பட்டையாக நறுக்கினால் வெறும் மஞ்சள் பட்டைதானே என்று தோன்றியது. பட்டைகள் இருந்தால் கட்டம் போடலாம். கட்டம் போடுவது என் கைக்குத் தெரிந்த வேலை.

காலண்டர் தாள் யானையை மட்டும் திருப்பிப் போட்டேன், காகிதத்தைத் திருப்பலாம். அதை வைத்து வலது பக்கத் தகரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். மஞ்சள் யானையைக் கூசாமல் நறுக்கினேன். மஞ்சள் பட்டைகள் பாவு மாதிரி மேலிருந்து கீழே, மீந்த சிவப்பில் வெட்டிய பட்டைகள் ஊடை மாதிரி குறுக்கே. இரண்டு சன்னம், ஒரு அகலம், மறுபடி இரண்டு சன்னம். ஒவ்வொரு பட்டையின் முனையையும் சாக்பீஸ் கோட்டுக்கு அளந்து வெட்டி ஒட்டினேன். இடைவெளியில் வண்டியின் நீலமே தெரிந்தது. ஒரு கோணல் வந்தால் உரித்து மறுபடி வைத்தேன். வியாழக்கிழமை பூராவும் அதே வேலை. சாயங்காலம் கடைசிப் பட்டையைத் தும்பிக்கை நுனியில் வைத்து அழுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட யானை முன்னால் நடந்தது. பருந்தின் நிழல் அதன் வயிற்றுக்குள் போய் இருந்த இடம் தெரியவில்லை.

ஓரகத்தி வந்து பார்த்தாள். "அந்தப் பக்கத்ததை விட இதுதான் ஷோக்கா கீது" என்றாள். அவள் வாயால் இதைக் கேட்டதே பெரிய ஜெயம்தான்.

வெள்ளிக்கிழமை நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வியாபாரி வாசலில் வலது பக்கம் தெரிகிறபடி வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் வெளியே வந்தார்.

"யாருதுப்பா இந்த வண்டி? புதுசா கீதே?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "நீங்க அன்னிக்கு வேணாம்னு சொன்ன அதே வண்டிதாங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

வியாபாரி யானையின் பக்கத்தில் வந்தார். துணியின் கரையைப் பார்ப்பது போலக் கட்டைவிரல் நகத்தால் ஒரு பட்டையின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். அது கிளம்பவில்லை. பிறகு விரலை வைத்துப் பட்டைகளை எண்ணினார்.

"ரெண்டு சன்னம், ஒரு அகலம்... இது நம்ம சரக்கு கட்டம் ஆச்சே! எவன் ஒட்டினான் இதை?"

கதவைத் திறந்து இறங்கினேன். "நான்தாங்க ஒட்டினேன். அந்தக் கட்டத்தை உங்களுக்கு நெஞ்சதும் நான்தாங்க."

என்னை ஒரு தடவை, யானையை ஒரு தடவை பார்த்தார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மூட்டையைக் கொண்டாந்து ஏத்துங்கப்பா. இவங்க கோணலா எதையும் செய்ய மாட்டாங்க."

இருபது மூட்டைகள் ஏறின. தார்ப்பாயை நானே இழுத்துக் கட்டினேன். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே திருத்தணி வந்துவிட்டோம். ரயில்வே கேட் மூடியிருந்தது, பக்கத்தில் திருப்பதி பஸ் ஒன்று நின்றது. ஜன்னலோரப் பெண் ஒருத்தி மடியிலிருந்த குழந்தைக்குக் கையை நீட்டிக் காட்டினாள். "அதோ பாரு, லுங்கி கட்டின யானை!"

உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு யானை தெரியவில்லை. கேட் திறப்பதற்குள் இறங்கி, அந்தப் பஸ் ஜனங்களோடு சேர்ந்து நானும் நின்று பார்த்தேன். வெட்கப்படாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "எங்க வண்டிமா அது."