மிளகு மண்டியில் முதல் கிளிக்

சர்வரையும் கிளையன்டையும் பேச வைக்கிற பிழைப்பில் இருந்தவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்: கனெக்‌ஷன் இல்லை என்று போன் வரும், அடித்துப் பிடித்து ஓடினால் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

போனால் ஓடும்

தொண்ணூறுகளின் கடைசி. காயலுக்கு இக்கரையில், பிராட்வே பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. அக்கரையில் மட்டாஞ்சேரி மிளகு மண்டி ஒன்றுக்கு நாங்கள் புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தோம். கணக்கெல்லாம் வைத்திருக்கிற சர்வர் மெஷின் மண்டி முதலாளி அறையில், அதைக் கேட்டு வேலை செய்கிற கிளையன்ட் மெஷின் எடை போடும் கொட்டகையில். காலையானால் கொட்டகை ஸ்கிரீனில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. படகு பிடித்து நான் போவதற்குள் சரியாகிவிடும். கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் கார்டை மாற்றினேன். ஊஹும்! மண்டி மேனேஜர் சேது அண்ணன், பாலக்காட்டுத் தமிழர், சாயாவை நீட்டிச் சிரித்தார்: "தம்பி மூஞ்சியைக் கண்டாலே அதுக்குப் பேடி, பயந்து ஓட ஆரம்பிச்சுடும், கேட்டியா?"

ஓனர் சிரிக்கவில்லை

வீட்டில் என் ஒரு சம்பளம்தான். எங்கள் கடை ஓனர் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னொரு தடவை அங்கேருந்து கம்ப்ளைன்ட் வந்தா, நீ அங்கேயே மிளகு சலிச்சுப் பொழச்சுக்கோ."

தொடாதே!

மறுநாள் மண்டி திறக்கும்போதே போய் நின்றேன். ஹார்பருக்குப் போகிற லாரி வாசலில் காத்திருக்க, கொட்டகையில் அதே பிழை. 'இருக்கிறாயா?' என்று பிங் போட்டால் சர்வர் மெஷின் பதில் சொல்கிறது. சாக்கெட் என்கிற வாசலைத் திறந்து கிளையன்டுக்காகக் காத்திருக்க வேண்டிய புரோகிராம்தான் ஓடவில்லை. முதலாளி அறைக்கு ஓடினேன். அட கடவுளே, அதன் ஐகானை யாருமே கிளிக் செய்யவில்லை!

மவுஸில் கை வைத்ததும் சேது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அன்றன்றைய போணி முதலாளி கையால்தானாம், கம்ப்யூட்டரும் அப்படித்தானாம். தினமும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவாராம்; நான் படகு பிடித்து வருவதற்குள் அவர் கிளிக்கும் ஆகியிருக்கும். அன்றைக்கோ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். "இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா அண்ணா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார்: "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இரவல் விரல்

முதலாளிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். இருமிக்கொண்டே, "சரி, நீ அமுக்கு" என்றார். அமுக்கினேன். "கனெக்‌ஷன் கிட்டிப்போச்சு!" என்று கொட்டகையிலிருந்து கத்தினார்கள். அன்று பார்த்து மிளகு விலை எகிறியது.

அடுத்த நாள் காலை கடையில் போன் அடித்தது. சேது அண்ணன். தொலைந்தேன் என்றுதான் எடுத்தேன். "பிரச்சினை ஒண்ணுமில்ல தம்பி. உனக்கு நல்ல கைராசின்னு முதலாளி சொல்றார். இனி தினமும் நீதான் வந்து அமுக்கணுமாம்."

படித்த படிப்பு காப்பாற்றாத வேலையை ஆள்காட்டி விரல் காப்பாற்றியது, அன்றுமுதல் நான் முதல் படகில் உட்கார்ந்து பயந்ததெல்லாம் மிளகு விலை இறங்கிவிடுமோ என்றுதான்.