நண்பர் கொடுத்த ஜிங்க் மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க ஜிங்க் பூசும் ஆலையில் கன்னியப்பனும் நானும் முப்பத்தோரு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம். சென்ற மாதம் என் மகள் பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்த நேரத்தில் எனக்குச் சளி பிடித்தது. "சளி போற வரைக்கும் புள்ளகிட்ட வராத நைனா" என்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து கன்னியப்பன் சப்பும் ஜிங்க் மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். "ஆராய்ச்சியே பண்ணிட்டாங்கபா, ரெண்டு நாள்ல ஓடிடும். இரும்பையே காப்பாத்துது, உன் மூக்கைக் காப்பாத்தாதா?"

ஜிங்க்கோடு புழங்கியவன், நம்பினேன். பேத்தியைத் தூக்கும் அவசரத்தில், டப்பாவில் போட்டிருந்த அளவைப்போல் இரண்டு மடங்கு சப்பினேன். சளி போகவில்லை. வாந்தி எடுத்து மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

"சில ஆராய்ச்சியில சளி கொஞ்சம் சீக்கிரம் விட்டிருக்கு, சிலதுல ஒண்ணுமே இல்ல. உறுதியா சொல்ல முடியாது ஐயா. அளவு மீறினா கெடுதல்தான்" என்றார் டாக்டர்.

தேறியதும் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் சளி; மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஜிங்க் சாப்பிடலியா?"

"அந்த வாய்க்கசப்பு எனக்கு ஒத்துக்காதுபா. பையன் வாங்கினு வந்தது, வீணாப் போவுதேன்னு உனக்குக் குடுத்தேன்."

முப்பத்தோரு வருடம் என் டிபன் டப்பாவில் பாதி சாப்பிட்டவர், இதைச் சாதாரணமாகச் சொன்னார்.

சளி பிடித்த பதினோராம் நாள்தான் பேத்தியைத் தூக்கினேன். இப்போது டாக்டரைக் கேட்காமல் நான் எந்த மாத்திரையும் போடுவதில்லை. யாராவது மருந்து சொன்னால், முதலில் இதைக் கேட்கிறேன்: "உனக்கு வந்தப்போ நீ இன்னா சாப்பிட்ட?"