நோகாத முழங்கால்

கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் லோரன்ஸின் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். 1995இல் இருபது வயதுக்குட்பட்ட இலங்கைக் கால்பந்து அணியின் பயிற்சிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயமே தலைகால் புரியாமல் குதித்தது. கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் ஒரே நாளில் மாலை போட்டார்கள். அந்த ஒற்றுமை வேறெதற்கும் வந்ததில்லை.

கொழும்பில் மூன்றாம் நாள், வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் அனுப்பும் வேளையில், அணிப் பொறுப்பாளர் முக்தார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. பிரஜாவுரிமைப் பத்திரம் எங்க?"

"நான் இங்கதான் சேர் பொறந்தேன். எங்க அப்பாவும் இங்கதான்."

"பொறந்தா மட்டும் போதாது. ஒரு நாட்டுக்கு ஆடணும்னா அந்த நாட்டுப் பிரஜையா இருக்கணும். அதான் சட்டம்."

லோரன்ஸின் அப்பா செல்வநாயகம், கூடப்பிறந்தவர்கள் போகிறார்களே என்று இந்தியாவுக்கு, அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு, மனுப் போட்டவர். சண்டை தொடங்கி இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றது, குடும்பமும் இங்கேயே நின்றுவிட்டது. மனுப் போட்டவர்களை இலங்கை தன் கணக்கில் சேர்க்கவில்லை. ஓட்டுப் போடத்தான் பத்திரம், பந்து உதைக்கவுமா கேட்பார்கள்? கேட்பார்கள் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. நாடில்லாதவன் என்று எந்த முகத்தோடு சொல்வது? முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி லயத்துக்கு வந்தான். காலுக்கு என்ன என்று கேட்டார்கள். போன ஞாயிறு விளையாட்டில் சுதாகரன் உதைத்தது, அங்கே போய் வீங்கிவிட்டது என்றான். சுதாகரன் அவனுடைய உயிர்ச் சிநேகிதன். வாய்க்கு முதலில் வந்த பெயரும் அதுதான்.

அவ்வளவுதான், லயம் முழுக்க சுதாகரனைக் கரித்துக் கொட்டியது. "நாட்டுக்கு ஆட வேண்டிய கால ஒடச்சவன்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் அவன் காதுபடவே பேசினார்கள். பாவம், அவனும் அதை நம்பிவிட்டான். தினமும் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, ஒரு குறையுமில்லாத அந்த முழங்காலை உருவிவிட்டான். லோரன்ஸ் கூசிப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆனாலும் வாய் திறக்கவில்லை, கோழை. இரண்டு மாதத்தில் சுதாகரன் பந்தையும் விட்டான், தோட்டத்தையும் விட்டான்.

2003இல் சட்டம் மாறியது. பத்திரம் கைக்கு வந்தபோது லோரன்ஸுக்கு இருபத்தேழு வயது. இனி எந்த அணி கூப்பிடப் போகிறது? அந்த வாரமே வரக்காப்பொலவுக்குப் பஸ் ஏறினான். அங்கே அரிசிக் கடையொன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுதாகரனிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

சுதாகரன் மூட்டையைக் கீழே வைத்தான்.

"எங்கப்பாவும் இந்தியாவுக்கு மனுப் போட்டவருதானே. எங்க வீட்டுலயும் அந்தப் பத்திரம் இல்லையே. எங்கிட்ட சொல்லவாடா வெக்கப்பட்ட?"