தலையாட்டிய ஹெட்கிளார்க்கும் கல் வீணையும்

செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கோப்பு திறந்துவிடுவார்கள். அங்கே ஹெட்கிளார்க்காக இருந்த கோதண்டராமனுக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஊரிலேயே பெரிய சங்கீத ரசிகர் என்று பெயர். அந்தப் பெயர் ஒரே சாயங்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எட்டு வருஷம் விடவேயில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷத்து ராம நவமிப் பந்தலில் நடந்த கதை அது. சபாவின் காரியதரிசி செங்கல்வராயன் அதே ஆபீசில் இரண்டாவது கிளார்க்காக இருந்ததால், ஆபீஸ் மொத்தமும் கச்சேரிக்குப் போயாக வேண்டியிருந்தது. கோதண்டராமனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாடகர் பாடினார். கோதண்டராமன் பாடகரைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த சபாவின் தம்பூராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தியை முறுக்கிப் பிடிக்கிற மரமுளையைப் பிரடை என்பார்கள். நான்கு பிரடைகளில் ஒன்று போலி. யாரோ புளியங்கட்டையைக் கத்தியால் சீவி, துணியைச் சுற்றித் திணித்திருந்தார்கள். அது நழுவும், தம்பூராக்காரர் முறுக்குவார், மறுபடி நழுவும். இப்படியும் ஒருத்தன் மரவேலை செய்வானா என்று கோதண்டராமனுக்கு வயிறு எரிந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இரண்டரை மணி நேரம் ஆட்டினார். கடைசியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் செங்கல்வராயன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். "சார் அப்படியே கரைஞ்சு பூட்டாரு. அழுதுகினே கேட்டாரு. இந்த மாதிரி ரசிகர் மெட்ராசுலகூட கெடியாது."

அன்று பிடித்தது சனி. தீபாவளி, பொங்கல், வீட்டில் ஒரு பெயர் வைக்கும் விழா என்று எது வந்தாலும் சங்கீதமாகவே பரிசு வந்தது. கோவளத்துக் கிளிஞ்சல்களை ஒட்டிச் செய்த வீணை ஒன்று வந்தது. தொட்டால் கையைக் கிழிக்கும். மாவுக்கல்லில் ஒரு சாண் உயரத் தம்பூரா வந்தது. ஹார்மோனியம் வடிவத்தில் ஊதுவத்திக் கூடு, மிருதங்க வடிவத்தில் மூக்குப்பொடி டப்பா எல்லாம் வந்தன. அவருக்குப் பொடி போடும் பழக்கமே கிடையாது. ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர் பெயர் பளிச்சென்று எழுதியிருக்கும். அதனால் வேறு யார் தலையிலும் கட்டவும் முடியாது. மனைவி சாரதாம்பாள் அத்தனையையும் ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

உண்மையில் மனுஷருக்கு உயிர் கைவேலைதான். ஆபீசில் பீரோவின் பூட்டு இறுகினால் அவர்தான் பார்ப்பார். டைப்பிஸ்ட் மார்கரெட்டின் மிஷினில் 'ஏ' எழுத்து எழுந்திருக்காமல் போனபோது, சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, தலைக்கு வைக்கும் கொண்டை ஊசியால் சரி பண்ணினார். கதவைச் சாத்தியதற்குக் காரணம் உண்டு. ஹெட்கிளார்க் கையில் பேனா இருக்கலாம், வெற்றிலை இருக்கலாம், திருப்புளி இருக்கலாமோ? ஊர் சிரிக்கும் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். சிரிக்கிறவர்கள் வரிசையில் முதலில் சாரதாம்பாளை நிறுத்தியிருந்தார்.

பஜாரில் நூர்முகமதுவின் கடை இருந்தது. கண்ணாடி, சீப்பு, படச்சட்டம், கல்யாணப் பரிசு எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணாடி அலமாரியின் மூலையில் ஒரு தேக்குப் பெட்டி. திறந்தால் உள்ளே பச்சைக் கம்பளித் துணியில் பன்னிரண்டு சீமை உளிகள், ஒரு சின்ன இழைப்புளி, கையால் சுற்றும் துரப்பணம், தந்தம் போலப் பிடி வைத்த மூலைமட்டம். யாரோ ஒரு துரை ஆர்டர் கொடுத்துவிட்டு, சுதந்திரம் வந்ததும் வாங்காமலே கப்பல் ஏறிவிட்டான். கோதண்டராமன் தினமும் சாயங்காலம் அந்தக் கடைக்குப் போவார். ஒரு பென்சில் வாங்குவார். பெட்டியைப் பார்ப்பார். வீட்டுக்கு வருவார். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

நூர்முகமது விஷயம் தெரிந்தவர். ஒருநாள் கேட்டே விட்டார். "இன்னா சார், பென்சில வச்சி வூடா கட்றீங்க? பொட்டிய எடுத்துக்கினு போங்களேன்."

"வேணாம் பாய். நானா காசு குடுத்து வாங்கினா, கெழவனுக்குக் கிறுக்கு புடிச்சிடிச்சின்னு சொல்லுவாங்க. வூட்ல பேஜாரு."

சொல்லும்போதே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஐம்பத்தாறாம் வருஷத்தில், அதாவது இன்னும் இரண்டு மாதத்தில், அவருக்கு ரிடையர்மெண்ட். பிரிவுபசார விழா நடக்கும், பரிசு கொடுப்பார்கள். தானாக வாங்கினால் கிறுக்கு. அதே பெட்டி மாலையோடு மேடையில் வந்தால் மரியாதை. மரியாதையாக வந்ததை எந்த மனைவியும் எந்த ஊரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் கோதண்டராமன் தனக்காகப் போட்ட ஒரே திட்டம் இதுதான். இதை விட்டால் உயிரோடு இருக்கிற வரை அவருக்கு இன்னொரு மாலை விழப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"பாய், எங்க ஆபீஸ்லேந்து பரிசு வாங்க ஒங்க கடைக்குத்தான் வருவாங்க. அந்தப் பொட்டிய எடுத்து முன்னால வைங்க."

"வச்சிட்டாப் போச்சி" என்றார் நூர்முகமது.

வைக்கவும் செய்தார், பாவம். பரிசுக் கமிட்டியின் தலைவராக, வேறு யார், செங்கல்வராயன்தான் வந்தார். கூட மார்கரெட் வந்தாள். நூர்முகமது பெட்டியைத் திறந்து வைத்தார். செங்கல்வராயன் உளியைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், ஹெட்கிளார்க்க அனுப்பி வைக்கிறோமா, ஆச்சாரி வேலைக்குச் சேக்கிறோமா?" என்றார்.

மார்கரெட் மெதுவாகச் சொன்னாள். "சார், அவருக்கு இதுதான் பிடிக்கும். என் மிஷின அவர்தான் சரி பண்ணினாரு."

"நீ டெம்பரவரிம்மா. ஒனக்கு அவரத் தெரியாது. அவருக்குச் சங்கீதம்னா உயிரு. நான் கண்ணால பாத்தவன்."

நூர்முகமது மூன்று தடவை பெட்டியை முன்னால் தள்ளினார், மூன்று தடவையும் அது பின்னால் போனது. கிளிஞ்சல் வீணை போன பொங்கலுக்கே கொடுத்தாயிற்று, மாவுக்கல் தம்பூரா அதற்கு முந்தின வருஷம், இதைவிடப் பெரிதாக வேறு ஒன்று வேண்டும் என்று செங்கல்வராயன் நின்றார். நூர்முகமதுவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதுக்கு மேலன்னா கல்லுலதான் சார் செய்யணும். மாவலிபுரத்துல பெரிய கல்லாப் பாத்துக்கினு மாட்டு வண்டில ஏத்திக்கினு வாங்க."

குத்தலாகச் சொன்னதை செங்கல்வராயன் நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மகாபலிபுரத்துக்குப் போய், காசிநாதன் என்ற சிற்பியிடம் ஆளுயரக் கருங்கல் வீணைக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தார்.

நூர்முகமது நடந்ததைச் சொன்னதும் கோதண்டராமன் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையே ஆபீசில் வேறொரு யுத்தம் மூண்டது. வீணையின் குடத்தில் இருபத்துமூன்று பேர் பெயரையும் பதவி வரிசைப்படி செதுக்க வேண்டும். அதுதான் வழக்கம். பில் கிளார்க்கும் டெஸ்பாட்ச் கிளார்க்கும் ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யார் பெயர் மேலே வருவது? இருவரும் ஒருவாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் விழா நாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. அதனால் காசிநாதன் உளியும் சுத்தியுமாக விழா மண்டபத்துக்கே வந்து, மேடைக்குக் கீழே உட்கார்ந்து மிச்சப் பெயர்களைச் செதுக்க வேண்டியதாயிற்று. பில் கிளார்க், டெஸ்பாட்ச் கிளார்க், கடைசியில் டெம்பரவரி மார்கரெட்.

மாலை போட்டார்கள். பட்டுத்துணியை விலக்கினார்கள். ஆறு பேர் சேர்ந்து மேடைக்குக் கீழே இறக்கிய கருங்கல் வீணை கம்பீரமாகக் கிடந்தது. செங்கல்வராயன் மைக்கில் பேசிக்கொண்டிருக்க, கீழே உளி டக் டக்கென்று ஓடியது. கோதண்டராமன் அந்த உளியையே பார்த்தார். எவ்வளவு சாய்க்க வேண்டுமோ அவ்வளவே சாய்த்து, எவ்வளவு தட்ட வேண்டுமோ அவ்வளவே தட்டுகிற கை. அவரை அறியாமல் தலை ஆடியது.

"பாருங்கள்," என்றார் செங்கல்வராயன் மைக்கில். "வீணையைக் கண்டதுமே நாதம் கேட்டுவிட்டது அவருக்கு."

கைதட்டல் அடங்கியதும் பதில் சொல்ல கோதண்டராமன் எழுந்தார். வருகிறது வரட்டும் என்று தோன்றிவிட்டது. "உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஒரு ராகம்கூடத் தெரியாது" என்றார்.

மண்டபம் மறுபடி கைதட்டலில் அதிர்ந்தது. இவ்வளவு தன்னடக்கத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி என்ன பேசுவது? கோதண்டராமன் மேடையை விட்டு இறங்கினார். காசிநாதன் பக்கத்தில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கழுத்தில் ரோஜா மாலை அப்படியே இருந்தது. "கொஞ்சம் குடுங்க" என்று உளியை வாங்கினார். மார்கரெட் பெயர் சிவப்பு மையில் வரைந்திருந்தது. 'ம' நல்ல எழுத்து, நேர்கோடுகளும் ஒரே ஒரு வளைவும்தான். கழுத்தில் மாலையோடு, இருநூறு பேர் பார்க்க, அந்த ஒரு எழுத்தை அவர் செதுக்கி முடித்தார். ஆபீசில் தனக்காக வாய் திறந்து பேசிய ஒரே ஜீவனுக்கு அந்த ஒரு எழுத்தாவது தன் கையால் இருக்கட்டும் என்று மனசு நிறைந்தது.

"இது தெரிஞ்ச கை சார்" என்றார் காசிநாதன்.

வீட்டுக்குத் திரும்பும் குதிரை வண்டியில் சாரதாம்பாள் ரோஜா மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அந்தப் பாய் கடையில இன்னா கீது?"

"பென்சில்."

"வூட்ல ரெண்டு பானை நெறைய பென்சில் கீது. யாரு எழுதுறது? இன்னா கீதுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். பெட்டியைச் சொன்னார், மாலையோடு வந்தால்தான் மரியாதை என்று போட்ட கணக்கையும் சொன்னார். அவள் பேஜார் பண்ணுவாள் என்று பயந்ததையும் மறைக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். அவள் குரலில் கோபம்தான் இருந்தது. ஒன்பது வருஷம் தன்னை ஒரு பூதமாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாரே என்ற கோபம். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை சாரதாம்பாள், ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அதே ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு நூர்முகமது கடைக்குத் தானே போனாள். காசை எண்ணிக் கொடுத்து, பெட்டிக்கு மாலையைப் போட்டாள். ஜட்கா வண்டியின் முன்னால் வைத்து பஜார் முழுக்கத் தெரியும்படி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும், ஹெட்கிளார்க்குக்கு இன்னொரு பரிசு வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கல் வீணையை வாசலில் இறக்கியிருந்தார்கள். அதன் மேல் அவள் வடாம் காயப்போட ஆரம்பித்தாள். இருபத்துமூன்று பெயர்களும் வெயிலில் நன்றாகத் தெரிந்தன.

கோதண்டராமன் புதுப் பெட்டியைத் திறந்து செய்த முதல் வேலை ஒரு பிரடை. கருங்காலிக் கட்டையில் எட்டு நாள் இழைத்தார். ஒரு மத்தியானம் சபாவுக்குப் போய், காவல்காரனிடம் சொல்லிவிட்டு, தம்பூராவில் திணித்திருந்த புளியங்கட்டையைப் பிடுங்கிப் போட்டு, புதிதைப் பொருத்தினார்.

அடுத்த கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தார். தம்பூரா மீட்டினார்கள். நழுவவில்லை. நான்கு தந்தியின் நாதமும் ஒன்றாகச் சேர்ந்து நிறைந்து நின்றது. பாட்டு அதற்குள் வந்து உட்கார்ந்தது. அவருக்கு முதல் தடவையாகக் காது கேட்டது போலிருந்தது. இத்தனை வருஷம் இங்கேயேதான் இருந்ததா இது என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டார். தலை ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

பின்வரிசையிலிருந்து செங்கல்வராயன் அதைக் கவனித்தார். பக்கத்திலிருந்தவரிடம் வருத்தத்தோடு சொன்னார்.

"பாவம், ரிடையர் ஆனதும் மனுசனுக்கு ரசனையே பூடிச்சி."