ஆமை ஓட்டின்மேல் இரண்டு கைகள்

படகில் ஏறியதிலிருந்து வாய் ஓயாமல் பேசுவதால் படகோட்டி அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தான். "தண்ணிக்குள்ள தள்ளினாத்தான் இந்த ஸ்டேஷன் நிக்கும்" என்பான். கடலுக்கடியில் இறங்கிப் பார்க்க வருபவர்களிடம் அவள் பேசுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்.

"ஆமையப் பாருங்க, தொடாதீங்க. அதுவும் நம்மள மாதிரி காத்தத்தான் சுவாசிக்குது. நம்ம முதுகுல சிலிண்டர் இருக்கு, அதுக்கு இல்ல. மூச்சு வாங்க மேல போறப்ப வழிய மறிக்காதீங்க. உங்க மூக்க ஒருத்தன் பொத்தினா சும்மா இருப்பீங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் தொடமாட்டார்கள் என்பது அவளுடைய பதினாறு வருஷ அனுபவம்.

கடற்கரையில் இருந்த டைவிங் கடை அவள் தம்பியுடையது. போர்டிலும் லைசென்ஸிலும் அவன் பெயர்தான். ஆனால் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும், அதன் அடியில் ஆமைகள் வந்து படுப்பதையும் கண்டுபிடித்தவள் அவள். கடைக்கு ஆள் வருவதே அதற்காகத்தான். தம்பி போனில் இனிக்க இனிக்கப் பேசி ஆள் பிடிப்பான். அவள் சிலிண்டர் சுமப்பாள், ரப்பர் உடைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவாள், பயந்தவர்களைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிப்போவாள். மாடியில் தம்பி குடும்பமும் அம்மாவும் இருந்தார்கள். கடைக்குப் பின்னால் கம்ப்ரசர் சத்தம் கேட்கும் அறை அவளுக்கு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "என் பேச்ச மேலயும் கேக்கணும், கீழயும் கேக்கணும்னா எவன் வருவான்?" என்பாள்.

அன்று வந்தவர் ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜர், மனைவியோடு. சீசனுக்குச் சீசன் தன் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தக் கடைக்கு அனுப்புபவர். அதனால் தம்பியும் உடுப்பு மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினான். மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்கும் இரண்டு பேர் குமட்டல் தாங்காமல் படகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. பாறைக்கு அடியில் படுத்திருந்த கிழட்டு ஆமை ஒன்று மெல்லத் திரும்பி மேலே கிளம்பியது. மேனேஜர் வேகமாக நீந்திப் போய் அதன் ஓட்டைக் கழுத்துக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சவாரி போக நினைத்தாரோ என்னவோ. மனைவி கேமராவைத் தூக்கினாள். ஆமை துடுப்புகளை அடித்தது. அவர் கனம் அதைக் கீழே இழுத்தது. ரேடியோ தன் சிலிண்டரைத் தட்டி ஓசை எழுப்பினாள், விரலை ஆட்டினாள். அவர் வாயிலிருந்து சிரிப்பு குமிழிகளாக வந்தது.

மஞ்சள் கையுறை போட்ட கைகளை நீட்டி அவள் பாய்ந்து போனாள். ஆமை புரண்டுவிடாமல் இருக்க இடது கையை ஓட்டில் ஊன்றி, வலது கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் விலகினார். ஒரு கணம் அவள் இரண்டு கைகளும் ஓட்டின்மேல் இருந்தன. பிறகு ஆமை விடுபட்டு வெளிச்சத்தை நோக்கிப் போனது. ஐந்தாறு அடி தூரத்தில் நின்ற தம்பி எல்லாவற்றையும் பார்த்தான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, எல்லாம் சரி என்று அவளுக்குக் காட்டினான்.

படகில் ஏறியதும் அவள் மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. "சார், படிச்சவர்தானே நீங்க? அதுக்கு மூச்சு முட்டிச்சு. ஒரு உயிரோடயா விளையாடுவீங்க?" குமட்டலோடு கிடந்த இருவரில் ஒருவன் சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தான். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். அதுதான் வினையாயிற்று.

நான்காம் நாள் நெட்டில் அந்த வீடியோ வந்தது. மொத்தமே நாலு வினாடி. அதில் மேனேஜர் இல்லை. மஞ்சள் கையுறை போட்ட ஒரு பெண் ஆமையை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருக்கிறாள். 'ஆமைகளைக் காப்பாற்ற வேண்டியவர்களே செய்யும் கொடுமை' என்று மேலே எழுதியிருந்தது. இரண்டு நாளில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. முழு வீடியோவைக் கேட்டு ரேடியோ மேனேஜரின் மனைவிக்கு போன் செய்தாள். "அழிச்சுட்டேங்க" என்றாள் அந்த அம்மாள்.

ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போக அனுமதி தரும் பெர்மிட் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி தம்பியைக் கேட்டார். "நீங்களும் கூட இருந்தீங்கல்ல? என்ன பாத்தீங்க?"

தம்பி மேசை விளிம்பைத் தடவினான். "நான் கொஞ்சம் பின்னாடி இருந்தேன் சார். தண்ணி கலங்கலா இருந்துச்சு. சரியாத் தெரியல."

அவள் எழுந்துவிட்டாள். "சார், வீடியோவப் பாருங்க. கலங்கலாவா இருக்கு?"

"இல்லம்மா. உங்க கை ரொம்பத் தெளிவாத் தெரியுது" என்றார் அதிகாரி.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் நாற்காலியில் அசையாமல் இருந்தான். மூன்று வருஷத்துக்கு அவளுடைய பெர்மிட்டை நிறுத்திவைத்தார்கள்.

அன்று மத்தியானம் மாடிக்குப் போய்த் தம்பியைக் கேட்டாள். "கீழ எனக்கு ஓகே காட்டினியேடா. அது எதுக்கு?"

"அக்கா, அவர் ஆளுங்க வரலைன்னா கடைய மூடணும். மூணு வருஷம்தானே, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும். நீ இங்கயே கம்ப்ரசரப் பாத்துக்கோ. உன்னப் போன்னா சொன்னேன்?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்கு ஒரு வயிறு. அவனுக்கு நாலு வயிறு."

அவள் போகவில்லை. போக இடமும் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த கம்ப்ரசர் கொட்டகையில் உட்கார்ந்து சிலிண்டர்களில் காற்று நிரப்பினாள். அடுத்த சீசனுக்கும் மேனேஜரின் ஆட்கள் வந்தார்கள். அவள் நிரப்பிய காற்றை முதுகில் மாட்டிக்கொண்டு, அவள் கண்டுபிடித்த பாறைக்குப் போனார்கள். ஒருமுறை ஒரு பெண் கொட்டகை வாசலில் நின்று, "நீங்கதானே அது?" என்றாள். முதலில் இப்படிக் கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் சந்தேகம்தான் கூடியது. அந்தப் பெண்ணிடம், "ஆமாங்க" என்றாள்.

மூன்று வருஷம் முடிந்து பெர்மிட் திரும்பி வந்தது. தம்பியே வாங்கிவந்து கொடுத்தான். மறுநாள் காலை படகோட்டியோடு தனியாகப் போய் இறங்கினாள். பாறைக்கு அடியில் இரண்டு ஆமைகள் படுத்திருந்தன. ஒன்று எழுந்து அவள் தோளுக்குப் பக்கமாக மேலே போனது. எத்தனையோ வருஷம் அவளைச் சிறுபிள்ளைபோல் பூரிக்க வைத்த காட்சி. இப்போது அதைப் பார்க்கையில், மேசை விளிம்பைத் தடவிய தம்பியின் விரல்கள்தான் கண்முன் வந்தன. மறுபடி மறுபடி அதுவே வந்தது. சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருக்கும்போதே ஏறிவிட்டாள்.

"என்னக்கா, அதுக்குள்ளயா?" என்றான் படகோட்டி.

"போதும்பா."

அந்த மாதமே துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலைக்குப் போனாள். எண்ணெய் கலந்த கறுத்த தண்ணீர். நீட்டிய கை தெரியாது. இரும்பில் ஒட்டிய சிப்பிகளைத் தடவித் தடவிப் பெயர்க்க வேண்டும். கூட வேலை செய்பவர்களுக்கு அவளுடைய பழைய கதை தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை அம்மா போன் செய்வாள். முட்டிவலி, மழை, தம்பி பிள்ளைகளின் பரீட்சை என்று பேசுவார்கள். "அவன்கிட்ட குடுக்கட்டுமா?" என்று அம்மா கேட்பாள். "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவாள்.